ஹந்தானையில் தொடங்கும் நெடுவழி

பத்தாம் தரத்துக்கு இடவிளக்கப் படம் கற்பித்துக்கொண்டிருந்தேன். 1:50,000 அளவுத்திட்டப் படத்தில் சமவுயரக் கோடுகள் நெருங்கி வந்தால் அது செங்குத்துச் சாய்வு, விலகி நின்றால் மென்சாய்வு. இதைப் பலகையில் வரைந்து காட்டுவதைவிட யன்னலுக்கு வெளியே காட்டுவது எளிது. "அதோ ஹந்தானை. அந்த முகட்டுக்குக் கீழே கோடுகள் எப்படி இருக்கும், யார் சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

பின் வாங்கிலிருந்து பதிலுக்குப் பதிலாக ஒரு கேள்விதான் வந்தது. "டீச்சர் அங்க போயிருக்கீங்களா?"

போனதில்லை. நான் கண்டியிலேயே பிறந்தவள். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மலையைக் கீழே நின்று பார்த்திருக்கிறேன். மாமர நிழலில் பாடம் படித்தபோதும், பேராதனையில் பட்டப்படிப்புப் படித்தபோதும் அது என் தலைக்கு மேலேதான் நின்றது. பதினாறு வயதில் தோழிகள் சிலர் மலையேறப் போனபோது நானும் வாப்பாவிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "மலையில என்ன மகள் இருக்கு? இங்க நிண்டே வெளங்குதுதானே" என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. போகாததைவிடப் பதில் இல்லாததுதான் பின்னாளில் எனக்கு உறுத்தியது.

மலையில் என்ன இருக்கிறது என்று தேடி வாசித்ததையும், கடைசியில் நடந்து பார்த்ததையும் மாணவிகளோடும் அவர்களைப் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

உலகில் பெயர்பெற்ற நெடுநடை வழிகள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்டவை அல்ல. ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ நகரத்தை நோக்கிச் செல்லும் வழி கிறிஸ்தவ யாத்திரிகர்களின் காலடியால் உண்டானது. பிரான்ஸ் எல்லையிலிருந்து தொடங்கும் அதன் பிரதான கிளை ஏறத்தாழ 780 கிலோமீற்றர். இன்றும் மக்கள் மாதக் கணக்கில் அதில் நடக்கிறார்கள், எல்லோரும் பக்தியால் அல்ல. தென்னமெரிக்காவில் மச்சு பிச்சு என்னும் பழைய நகரத்துக்குப் போகும் இன்கா வழி, ஒரு பேரரசின் செய்தியையும் படையையும் சுமந்த 30,000 கிலோமீற்றர் வலையமைப்பில் ஒரு சிறு துண்டு. இப்போது அந்த வழியில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி. அந்த 500 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் சுமை தூக்குவோரும் வழிகாட்டிகளும் சமையற்காரருமே. விளம்பரப் படங்களில் அவர்களை அதிகம் காண முடியாது. நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை, அதாவது 5,364 மீற்றர் உயரம் வரை, போகின்றவர்களின் கதையும் இதுவே. முன்னால் போகிறவர் கையில் கைத்தடி, பின்னால் போகிறவர் முதுகில் கூடாரமும் அரிசியும்.

நடப்பதற்கென்றே திட்டமிட்டு அமைக்கப்பட்ட வழிகளும் உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைவழி அவ்வகை. 1921இல் எழுந்த ஓர் எண்ணம் 1937இல் முழுமை பெற்றது. 14 மாநிலங்களூடாக 3,500 கிலோமீற்றர் அளவு நீள்கிறது. அவ்வழியை 1955இல் எம்மா கேட்வுட் என்ற ஒரு பெண்மணி தனியே நடந்து முடித்தார். வயது 67. பதினொரு பிள்ளைகளின் தாய், பேரப்பிள்ளைகளும் கண்டவர். விசேட சப்பாத்து இல்லை, கூடாரம் இல்லை. சாதாரண கென்வஸ் சப்பாத்து, தானே தைத்த ஒரு துணிப்பை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரைச்சீலை. பிள்ளைகளிடம் "ஒரு நடை போய்வருகிறேன்" என்ற அளவில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவ்வழியை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதற் பெண் அவரே. எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது உம்மா சிரித்தார். "பதினொரு பிள்ள வளத்தவளுக்கு அது என்ன பெரிய தூரமா?"

பெண்கள் மலைக்கு ஏற்றவர்களா என்று தயங்கும் பெற்றோருக்கு இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்லலாம். பாகிஸ்தானின் மலைக் கிராமமொன்றில் பிறந்த சமீனா பேக் 2013இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதற் பாகிஸ்தானியப் பெண் ஆனார். 2022இல் அதைவிடக் கடினமானது என்று சொல்லப்படும் கே-2 சிகரத்திலும் ஏறினார். எமது நாட்டிலிருந்து முதன்முதலாக எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவரும் ஒரு பெண்தான். ஜயந்தி குரு உதும்பால, 2016 மே மாதம். ஆண்களில் எவரும் அவருக்கு முன் அங்கே போகவில்லை. நடை என்றாலே ஆண்களுக்குரியது என்று நினைப்பவர்கள், ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஹஜ் செய்வோர் அனைவரும் ஏழு முறை நடப்பது எந்தப் பெண்ணின் அடிச்சுவட்டில் என்பதையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

இனி எமது வாசலுக்கு வருவோம்.

இலங்கையின் மிக நீண்ட நடைவழி கண்டியில் தொடங்குகிறது என்பது கண்டியில் இருக்கும் பலருக்கே தெரியாது. பெக்கோ நடைவழி என்று பெயர். 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 கட்டங்கள். ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு அருகில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா என்று இறங்கி ஏறி, பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல, உடப்புசல்லாவை எல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. இங்கே பல்லாண்டு வாழ்ந்த மிகெல் குனாட் என்ற ஸ்பானியரின் எண்ணத்தில் உதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பொருளுதவி செய்தன. பெக்கோ என்பது சீனச் சொல். தளிர்க் கொழுந்தில் இருக்கும் வெள்ளை நுண்மயிரைக் குறித்து வந்து, பின்னர் தேயிலைத் தரத்தின் பெயரானது.

ஆனால் அவர்கள் புதிதாக வெட்டிய பாதை மிகக் குறைவு. ஏற்கெனவே இருந்தவற்றைத் தேடிப் பிடித்து இணைத்ததே பெரும் பணி. அவை தோட்டத்துப் பழைய வண்டிப் பாதைகள். மலையில் அவை ஏன் நேரே ஏறாமல் வளைந்து வளைந்து போகின்றன என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பறித்த கொழுந்து வாடுமுன் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். சாக்குகளை ஏற்றிய மாட்டு வண்டி செங்குத்தில் ஏறாது. ஆகவே பாதை சமவுயரக் கோட்டை ஒட்டியே சுற்றிச் செல்லும். இடவிளக்கப் படத்தில் ஒரு பாதை சமவுயரக் கோடுகளை வெட்டாமல் அவற்றோடு சேர்ந்தே ஓடினால், அங்கே சக்கரம் உருண்டிருக்கிறது என்று கொள்ளலாம். கோடுகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனால் அது காலால் ஆனது. பரீட்சைக்கு வராவிட்டாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வழியின் மூன்றாம் கட்டம் முடியும் ஊர் தவலந்தென்ன. இந்தப் பெயர்தான் என்னை நிறுத்திவைத்தது. சிங்களத்தில் தவலம என்றால் பொதிமாட்டுக் கூட்டம், தென்ன என்றால் மலையிடைச் சமதரை. பொதிமாடுகள் அவிழ்த்து விடப்பட்டு இளைப்பாறிய இடம். அந்த மாடுகளை ஓட்டியவர்களில் பெருந்தொகையினர் எமது முன்னோர்.

கண்டி இராச்சியத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே மடிகே பத்த என்று ஒரு திணைக்களம் இருந்தது. முஸ்லிம்கள் பலர் அதில் கடமை செய்தனர். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வரும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போகும். மலைநாட்டில் உப்பு விளையாது. பொதிமாடு வராவிட்டால் அரசன் சமையலறையிலும் உப்பில்லை. போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆதிக்கத்திலிருந்த கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னன் செனரத் அவர்களுக்குத் தன் நாட்டில் இடம் கொடுத்தான். பெருந்தொகையினர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றப்பட்டனர். மலைநாட்டில் எமது ஊர்கள் பல பழைய பொதிமாட்டு வழிகளை ஒட்டியும் கணவாய்களின் அடிவாரத்திலும் இருப்பது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1820களில் கொழும்பு - கண்டி வீதி வெட்டப்பட்டு, 1867இல் ரயிலும் வந்த பிறகு மாட்டின் மணியோசை மெல்ல அடங்கியது. நாம் கடைக்காரர் ஆனோம், பின்னர் லொறிக்காரர் ஆனோம். நடந்த காலத்தை மறந்தோம்.

இந்த மலைநாட்டு நடையைப் பற்றி எழுதிவைத்தவர்களில் மிகப் புகழ்பெற்றவரும் ஒரு முஸ்லிம் பயணிதான். தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 21 வயதில் ஹஜ்ஜுக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்டவர், வீடு திரும்பக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட கப்பல் இலங்கைக் கரையை அடைந்தது. ஒன்பது நாள் தூரத்திலிருந்தே பாவாத மலை கடலில் புகைத்தூண் போலத் தெரிந்ததாக எழுதுகிறார். புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி முத்துகளைக் காட்டி, வேண்டியதைக் கேள் என்றார். இவர் கேட்டது மலைக்குப் போகும் வழியை. சக்கரவர்த்தி பல்லக்கும் தூக்குவோரும் கொடுத்தார். துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர், பத்துத் தோழர், உணவு சுமக்கப் பதினைந்து ஆட்கள். ஒரு முஸ்லிம் யாத்திரிகனை ஒரு தமிழ் மன்னன் யோகிகளோடும் பிராமணரோடும் பௌத்தர் வணங்கும் மலைக்கு அனுப்பிவைக்கிறான். இதை நான் வகுப்பில் இருமுறை வாசித்துக் காட்டினேன்.

வழியிலிருந்த குனக்கார் என்ற ஊரை எது என்று ஆய்வாளர் பலவாறு கொள்வர். குருநாகல் என்பது ஒரு கருத்து, கம்பளை என்பது இன்னொன்று. கம்பளை என்றால் எமக்கு அடுத்த ஊராயிற்று. அவ்வூரில் ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்ததாகவும், மலைக்கு வழிகாட்டியாக அவர் இருந்ததாகவும் குறிப்பிடுகிறார். மலையில் இரு வழிகள். ஒன்று பாவா வழி, மற்றது மாமா வழி. பாவா என்பது ஆதமையும் மாமா என்பது ஹவ்வாவையும் குறிக்கும். ஹவ்வாவின் பெயரிலான வழி எளிது, அதனால் திரும்பும்போதே அதில் வருவர். அதனால் ஏறியவன் ஏறியவனாகவே கணக்கில் வரமாட்டான். இதை வாசித்ததும் வகுப்பில் ஒரே சலசலப்பு. "லேசான வழிக்கு ஏன் டீச்சர் உம்மாட பேர்?" என்று கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

அவர் எழுதியதில் மாணவிகள் உடனே நம்பியது அட்டையைப் பற்றி. நீரருகே புல்லிலும் மரத்திலும் இருந்து மனிதன் மேல் பாயும் அட்டைகள் அங்கே உண்டு என்றும், அதற்காக மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்து அதன் சாற்றைப் பிழிவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 680 வருடங்கள் ஆகியும் அட்டை மாறவில்லை. நாம் போனபோது எங்கள் பையிலும் எலுமிச்சம்பழம் இருந்தது. உப்புப் பொட்டலமும் சித்தாலேபவும் கூடுதல்.

அவருக்கு முந்நூற்று முப்பது வருடங்களுக்குப் பின் இன்னொருவர் இங்கிருந்து எதிர்த்திசையில் நடந்தார். ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ். 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் வைக்கப்பட்டிருந்தார். கடைசியாக இருந்தது கண்டிக்கு அருகே எலதெத்த. 1679இல் ஊர் ஊராகச் சாமான் விற்கும் வியாபாரி வேடத்தில் வடக்கே நடந்து, அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோடு காட்டுக்குள் புகுந்து, அக்டோபரில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். சிறையிலிருந்து விடுதலைக்கு நடந்த நடை.

அரிப்பு என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1820களிலிருந்து இம்மலைகளில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கங்காணிமாரின் பின்னே வந்தார்கள். தோணியில் கடலைக் கடந்து தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரை நடை. 200 கிலோமீற்றருக்கு மேல், அதில் பெரும்பகுதி வரண்ட காடு. நொக்ஸ் தப்பிப் போன திசையில் அவர்கள் உள்ளே வந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் கூடவே நடந்தன. நல்ல தண்ணீர் கிடைக்காத இடங்களில் விழுந்தவர் அங்கேயே விடப்பட்டனர். எத்தனை பேர் என்று உறுதியான கணக்கு எதுவும் கிடையாது, வழியோரம் புதைத்தவர்களை எண்ண எவரும் வரவில்லை. பிழைத்து மாத்தளை வந்தவர்கள் அங்கிருந்து கண்டிக்கும் ஹந்தானைக்கும் அப்பாலுள்ள மலைகளுக்கும் பிரிந்து போனார்கள். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பயிர் மாறியது. நடந்து வந்தவர்கள் மாறவில்லை. 1914இல் தலைமன்னார் வரை ரயில் போடப்பட்டது.

உலகின் நெடுநடைகள் என்று நூல்களில் வரும் பட்டியல் எதிலும் இந்த நடையை நான் கண்டதில்லை.

ஆனால் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதை மறக்கவில்லை. மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்தார்கள். 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் நடந்த அந்த நடைபயணத்தில் பெண்கள் நிறையப் பேர். காணியும் வீடும் சம உரிமையும் கேட்டார்கள். பதினாறு நாள், அதே வழி. கோரிக்கைகள் எவ்வளவு நிறைவேறின என்பது வேறு கதை. எனக்குப் பட்டது, கேட்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த முறை. மேடை போட்டுப் பேசியிருக்கலாம், நடந்தே கேட்டார்கள்.

இவ்வளவையும் வாசித்த பிறகு கீழே நின்று மலையைக் காட்டிக் கற்பிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதிபரிடம் அனுமதி கேட்டேன். பெக்கோ நடைவழியின் முதற் கட்டத்தில் ஒரு பகுதி மட்டும், பத்தாம் தரத்து மாணவிகள் 26 பேர், ஆசிரியைகள் நால்வர், பெற்றோரில் மூவர்.

இங்கே என் தவறுகளையும் சொல்லிவிட வேண்டும், பாடம் அவற்றில்தான் இருக்கிறது. நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன ஒரு கணக்கு உண்டு. ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணித்தியாலம். நான் படத்தில் நூல் வைத்து அளந்தேன். போக 5 கிலோமீற்றர், ஏற்றம் 180 மீற்றர் அளவு. ஆக 60 நிமிடமும் 18 நிமிடமும். ஒன்றேகால் மணியில் போய்விடலாம் என்று கரும்பலகையில் பெருமையாக எழுதினேன். மூன்று மணித்தியாலம் ஆனது. நெய்ஸ்மித்தின் கணக்கு நடந்து பழகிய ஒருவருக்கு. கூட்டமாக நடந்தால் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். அதோடு அட்டை பார்க்க நிற்பது, சப்பாத்துக் கயிறு கட்ட நிற்பது, கீழே தெரியும் கண்டி வாவியில் தம் வீட்டைத் தேட நிற்பது. இப்போது நான் நெய்ஸ்மித்தின் விடையை இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன்.

இரண்டாவது தவறு காலம். ஒக்டோபரில் போனோம். இரண்டாம் இடைப்பருவக் காற்றுக் காலத்தில் காலை வெளித்து இருக்கும், பிற்பகல் மேற்காவுகை மழை இடியோடு இறங்கும். இதை வருடாவருடம் கற்பிப்பவள் நான். பதினொன்றரைக்கே முகில் மூடிவிட்டது. மலையுச்சித் திறந்தவெளியில் இடிக்கு நிற்கக் கூடாது என்பதால் அங்கிருந்தே திரும்பினோம். கண்டிப் பக்கம் நடக்க ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. உடை விடயத்தில் பெற்றோர் சிலர் கேட்டார்கள். நீண்ட அபாயா தேயிலைச் செடியில் மாட்டும், சல்வார் கமீஸும் காலுறையும் கென்வஸ் சப்பாத்தும் போதும். ஒரு மாணவி லுஹர் தொழுகையைச் சுருக்கித் தொழலாமா என்று ஆவலோடு கேட்டாள். இஸ்லாம் பாட ஆசிரியை சிரித்துவிட்டார். "எண்பது கிலோமீற்றர் போனா யோசிப்போம் மகள்." முழுதாகவே தொழுதோம், ஓடையில் வுழு செய்து.

திரும்பி வரும்போதுதான் அந்தப் பாட்டியைச் சந்தித்தோம். லயன் வரிசையின் முன்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வரிசையை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கம்மா போயிட்டு வாறீங்க எல்லாரும்?"

"சும்மா நடக்கத்தான் பாட்டி."

"சும்மாவா?" பாட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கையில ஒன்னும் இல்லாமயா நடந்தீங்க?"

பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு அவரிடம் நான் மெல்லக் கேட்டேன், உங்கள் ஆட்கள் எந்த வழியாக வந்தார்கள் தெரியுமா என்று. மாத்தளை வழிதான் என்றார் உடனே. "எங்க பாட்டிக்குப் பாட்டி நடந்து வந்தவங்க. ரெண்டு புள்ளையோட ஏறினாங்களாம். ஒன்னோட வந்து சேந்தாங்களாம். மத்தத எந்த எடத்துல வச்சாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாங்களாம், ஒரு பெரிய மரத்தடின்னு. எந்த மரம்னு யாருக்குத் தெரியும்?" சொல்லிவிட்டு, மழை வருது புள்ளைங்கள சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க டீச்சரம்மா என்று எங்களை விரட்டினார்.

அவர் கொழுந்து பறித்த காலத்தில் நாளுக்கு எத்தனை கிலோ என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். 18, 20 கிலோ என்பது பல இடங்களில் உள்ள கணக்கு. முதுகில் அதைச் சுமந்து நாங்கள் மூச்சிரைத்த அதே சாய்வில் ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார் என்பதை, வேண்டுமானால் மாணவிகள் நெய்ஸ்மித்தின் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். அவர் சுமையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நூதனசாலை வரை எவரும் அதிகம் பேசவில்லை. 1925இல் கட்டிய தொழிற்சாலையைத்தான் நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். நான்கு மாடி, பழைய இயந்திரங்கள், டெயிலர் பற்றிய பொருட்கள். உள்ளே சுற்றிவிட்டு வந்த ஒரு மாணவி, "நடந்து வந்த ஆக்கள்ட சாமான் ஒன்னும் இல்லையே டீச்சர்" என்றாள். அவர்கள் கொண்டுவந்தது மிகக் குறைவு என்று சொன்னேன். அது பாதிப் பதில்தான் என்று எனக்கே தெரியும்.

அன்றிரவு வாப்பாவிடம் போனேன். இப்போது கண் சரியாகத் தெரியாது அவருக்கு. மலையில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். தவலந்தென்ன என்ற பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய உப்பாவின் வீட்டில் மாட்டின் கழுத்து மணி ஒன்று நீண்ட காலம் கிடந்ததாம். மாடு வளர்த்ததை அவர் பார்த்ததில்லை, மணியை மட்டும் பார்த்திருக்கிறார். பிறகு பித்தளைக்கு விற்றுவிட்டார்கள். இவ்வளவு வருடத்தில் அதை ஒருமுறையும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மாணவிகளுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். வீட்டில் மிக வயதானவரிடம், எமது குடும்பத்தில் கடைசியாகப் பிழைப்புக்காக நெடுந்தூரம் நடந்தவர் யார், எங்கிருந்து எங்கே என்று கேட்டு எழுதுவது. 26 கொப்பிகள் வந்தன. அக்குறணையிலிருந்து மாத்தளைச் சந்தைக்குத் தலைச்சுமையாக வெற்றிலை கொண்டுபோன ஓர் உம்மும்மாவின் கதை ஒன்றில் இருக்கிறது. தந்தையின் துணிமூட்டையைச் சுமந்து தோட்டம் தோட்டமாகப் போன பத்து வயதுப் பையனின் கதை இன்னொன்றில். நான்கு கொப்பிகளில் "தெரியாது என்று சொன்னார்கள்" என்று மட்டும் இருந்தது. அந்த நால்வரையும் மீண்டும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நடை பெப்ரவரியில். கலஹா வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து லூல்கந்துர நோக்கி நடப்பது. நேரத்தைத் தாராளமாகவே கணக்கிட்டிருக்கிறேன், மதியத்துக்குள் திரும்பிவிடுவோம். 34 அனுமதிக் கடிதங்கள் வீடுகளுக்குப் போயின. 29 ஒப்பமிட்டு வந்துவிட்டன. மீதி ஐந்து வீடுகளுக்கும் இந்த வாரம் நானே வருகிறேன்.